வேகத்துக்கு ஓர் அணி. காவலுக்கு வேறொரு பிரதி

சில ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு நல்ல காரியத்தில் இறங்கினர். வயது முதிர்ந்த கூத்து அண்ணாவிமாரையும், களிகம்பு, பக்கீர் பைத் முதலான கலைகளில் தேர்ச்சி பெற்ற முஸ்லிம் பெரியவர்களையும் ஊரூராகத் தேடிச் சென்று, அவர்களது ஆட்டத்தையும் பாட்டையும் நினைவுகளையும் வீடியோவில் பதிவு செய்வதே அந்தக் காரியம். பதிவுகள் யாவும் தொகுப்பு அறையின் மேசையில் இருந்த, ஐந்து வன்தட்டுகள் கொண்ட ஒரு பெட்டியிற் சேர்க்கப்பட்டன. 'ஒரு தட்டுப் பழுதானாலும் ஒன்றும் அழியாது' என்று சொல்லித்தான் அந்தப் பெட்டி அவர்களுக்கு விற்கப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கையில், கமெராவின் நினைவக அட்டைகள் அடுத்த படப்பிடிப்புக்காக அழிக்கப்பட்டன.

ஒரு நாள் பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. வேலை தடைப்படவில்லை, ஆதலால் எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரங்களின் பின்னரே புதிய தட்டொன்று வாங்கிப் பொருத்தப்பட்டது. பெட்டி தன்னைச் சீர்செய்துகொண்டிருந்த அன்றிரவே இரண்டாவது தட்டும் செயலிழந்தது. பதிவுகள் முழுவதும் போயின. அதற்குள் அந்த அண்ணாவிமாரில் இருவர் காலமாகியிருந்தனர்.

அந்தப் பெட்டி தான் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்தது என்பதுதான் இதிலுள்ள வேதனையான உண்மை. அதனிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றை எதிர்பார்த்தமையே தவறு. தொலைக்காட்சி நிலையங்கள் முதல் திருமண வீடியோ எடுக்கும் சிறிய ஸ்ரூடியோக்கள் வரை, இத்தகைய வெளிச் சேமிப்புப் பெட்டிகள் இன்று தொழில்முறைப் படத்தொகுப்பின் முக்கிய உபகரணமாகிவிட்டன. அவை எதற்காக உருவாக்கப்பட்டன, எதைத் தரும், எதைத் தரமாட்டா என்பதை விளங்கிக்கொள்வது, வீடியோத் தொழிலில் ஈடுபட்டிருப்போருக்கு மாத்திரமன்றி, தமது வாழ்வின் காட்சிகளை அவர்களிடம் ஒப்படைக்கும் நம் எல்லோருக்கும் அவசியமாகின்றது.

ஒரு தட்டு ஏன் போதாது?

வங்கியொன்றின் கணினி கணக்கு விபரத்தைத் தருவதற்கு அரைச் செக்கன் தாமதித்தால் அதை எவரும் கவனிக்கமாட்டார். வீடியோவின் நிலைமை வேறு. நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள் திரையில் தோன்றுகின்றன. அதாவது ஒவ்வொரு 40 மில்லிசெக்கனுக்கும் ஒரு படம் தவறாது வந்து சேர வேண்டும். ஒரு படம் பிந்தினாலும் காட்சி துள்ளும். ஒலியும் உதட்டசைவும் ஒன்றையொன்று விட்டு விலகும். ஆகவே படத்தொகுப்பாளருக்கு வேண்டியது பெரிய களஞ்சியம் மட்டுமன்று. இடையறாது ஓடும் வாய்க்காலும் அவருக்கு வேண்டும்.

அந்த வாய்க்காலின் அளவைச் சில எண்களால் உணரலாம். பழைய சாதாரணத் தரத் தொலைக்காட்சிப் படத்தைச் சுருக்காமல் வைத்துக்கொண்டால் செக்கனுக்கு ஏறக்குறைய 21 மெகாபைட் தரவு ஓட வேண்டும். உயர் தெளிவுப் படமாயின் அது 130 மெகாபைட். 4கே எனப்படும் இன்றைய படமாயின் 500 மெகாபைட்டுக்கும் அதிகம். இதனாலேயே தொகுப்பு அறைகளில், தரம் பெரிதும் குன்றாதவாறு சுருக்கப்பட்ட வடிவங்கள் கையாளப்படுகின்றன. அவற்றுள் பரவலாகப் பயன்படும் அப்பிள் நிறுவனத்தின் புரோரெஸ் 422 எச்.கியூ. வடிவத்தில், 4கே படத்துக்குச் செக்கனுக்கு சுமார் 92 மெகாபைட் வேண்டும். ஒரு மணித்தியாலப் பதிவு 330 கிகாபைட் அளவினதாக இருக்கும். ஒரு கலை நிகழ்ச்சியை நான்கு கமெராக்களாற் படம்பிடித்து நான்கையும் ஒருங்கே திரையிற் பார்த்தபடி தொகுக்க வேண்டுமானால், செக்கனுக்கு 370 மெகாபைட் தேவைப்படும்.

சாதாரண வன்தட்டு ஒன்று, தொடர்ச்சியாக வாசிக்கும்போது, செக்கனுக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரவல்லது. அதுவும் தட்டின் வெளிவட்டத்தில் மாத்திரமே. தட்டு நிரம்ப நிரம்பத் தரவு உள்வட்டங்களில் எழுதப்படும். அங்கே வேகம் குறையும். நான்கு கமெராக்களின் பதிவுகளும் தட்டின் நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்குமாயின், வாசிக்கும் முனை அங்குமிங்கும் தாவ வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் எட்டுப் பத்து மில்லிசெக்கன்கள் செலவாகும். 40 மில்லிசெக்கனுக்குள் நான்கு படங்கள் வந்தாக வேண்டிய இடத்தில் இது மிகப் பெரிய இழப்பாகும்.

1989ஆம் ஆண்டில் அவிட் நிறுவனம் தனது கணினிவழிப் படத்தொகுப்பு முறையை அறிமுகப்படுத்தியபோது இந்தப் பிரச்சினை இன்னும் கடுமையாக இருந்தது. அக்காலத் தட்டுகளின் கொள்ளளவும் வேகமும் போதாமையால், தொகுப்பாளர்கள் மங்கலான, தரங்குறைந்த படத்தை வைத்தே வெட்டி ஒட்டி, பின்னர் அந்தக் கணக்கின்படி மூலப் படச்சுருளையோ ஒளிநாடாவையோ வெட்டிச் சேர்த்தனர். வோல்ட்டர் மேர்ச் கணினியில் தொகுத்த 'த இங்கிலிஷ் பேஷன்ட்' 1996ஆம் ஆண்டில் வெளியாகி, படத்தொகுப்புக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றதுடன், ஹொலிவூட்டில் இப்புதிய முறை நிலைபெற்றுவிட்டது எனலாம். அதன் பின்னர் தொகுப்பு மென்பொருளின் வளர்ச்சியோடு சேமிப்பின் வளர்ச்சியும் இணைந்தே நடைபெற்றது.

பேர்க்லியிற் பிறந்த யோசனை

வேகப் பிரச்சினைக்கான விடை, வீடியோத் துறைக்கு வெளியே ஏற்கனவே பிறந்திருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்ஸன், ரண்டி கட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். பெருங்கணினிகளுக்கான விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக, மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஓர் அணியாக நிறுத்தி ஒரே தட்டுப் போல இயங்கச் செய்யலாம் என்பது அவர்களது வாதம். ஒரு மூட்டையை ஒருவர் சுமப்பதற்குப் பதிலாக எட்டுப் பேர் பகிர்ந்து சுமப்பது போன்றது இது. 'ரெயிட்' என்ற எழுத்துச் சுருக்கத்தால் இன்று உலகெங்கும் அறியப்படும் முறை இதுவே.

அக்கட்டுரையின் ஆசிரியர்கள் தமது யோசனையிலுள்ள ஆபத்தையும் மறைக்கவில்லை. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலங்கள் பழுதின்றி உழைக்கும் எனக் கொண்டால், அத்தகைய 100 தட்டுகள் கொண்ட அணியில் 300 மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை, அதாவது இரு வாரங்களுக்குள், ஏதேனும் ஒரு தட்டுப் பழுதாகும் என அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். தட்டுகள் பெருகப் பெருக வேகம் பெருகும். பழுதாகும் வாய்ப்பும் கூடவே பெருகும். ஆகவே ஒரு தட்டு விழுந்தாலும் அணி விழாதிருப்பதற்கு ஏற்பாடொன்று வேண்டும். அந்த ஏற்பாட்டின் வகைகளையே எண்களால் குறிக்கின்றனர்.

பூச்சிய வகை அணியில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒவ்வொரு கோப்பும் துண்டாடப்பட்டு எல்லாத் தட்டுகளிலும் பகிர்ந்து எழுதப்படும். வேகம் உச்சமாக இருக்கும். ஒரு தட்டுப் போனால் யாவும் போய்விடும். விளம்பரங்களிற் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகம் சில வேளைகளில் இந்தப் பூச்சிய வகையின் வேகமாக இருப்பதை வாங்குவோர் கவனத்திற் கொள்ள வேண்டும். முதலாம் வகையில், ஒரு தட்டிலுள்ளது அப்படியே மற்றத் தட்டிலும் எழுதப்படும். பாதுகாப்பு உண்டு, ஆனால் பாதிக் கொள்ளளவு அதற்கே செலவாகிவிடும்.

ஐந்தாம் வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். அதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மூன்று தட்டுகளில் 7, 4, 9 ஆகிய எண்கள் எழுதப்பட்டுள்ளன என்று கொள்வோம். நான்காவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையான 20ஐ எழுதிவைக்கிறோம். இரண்டாவது தட்டுப் பழுதானால், 20 இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து, இழந்த எண் 4 என்று கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் நடைபெறுவது கூட்டலன்று. இரும எண்களின் மீதான ஒரு தருக்கச் செயல். அந்தக் கணக்கும் ஒரே தட்டில் இராமல் எல்லாத் தட்டுகளிலும் மாறி மாறி எழுதப்படும். ஆனால் தத்துவம் ஒன்றே. 'பரிட்டி' எனப்படும் இக்கணக்குக்காக ஒரு தட்டளவு இடம் மட்டுமே செலவாகும். ஆறாம் வகையில் இத்தகைய கணக்குகள் இரண்டு இருப்பதால், இரு தட்டுகள் ஒருங்கே பழுதானாலும் அணி தப்பிக்கொள்ளும். 16 டெராபைட் தட்டுகள் எட்டைக் கொண்ட ஒரு பெட்டியில், ஐந்தாம் வகையாயின் 112 டெராபைட்டும் ஆறாம் வகையாயின் 96 டெராபைட்டும் பயன்பாட்டுக்குக் கிடைக்கும்.

ஒரு காலத்திற் பெரிய நிலையங்கள் மட்டுமே இத்தகைய அணிகளை வாங்கக்கூடியனவாக இருந்தன. அப்பிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய எக்ஸ்சேர்வ் ரெயிட் என்னும் பெட்டி 14 தட்டுகளைக் கொண்டது. அதன் உச்சக் கொள்ளளவு அப்போது 2.52 டெராபைட், விலை 10,999 டொலர். மலிவான விலை என்றே அன்று அது பாராட்டப்பட்டது. அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைத் தட்டே அதைவிட அதிகமாகக் கொள்ளும். அதே வேளையில் கமெராக்களின் பசியும் வளர்ந்துவிட்டபடியால், அணியின் தேவை மறையவில்லை.

பெட்டியைக் கணினியுடன் இணைக்கும் கம்பியையும் மறந்துவிடக் கூடாது. தொட்டி எவ்வளவு பெரிதாயினும் குழாய் சிறிதானால் நீர் சொட்டாகவே வரும். 2011ஆம் ஆண்டில் வந்த தண்டர்போல்ட் இணைப்பு செக்கனுக்கு 10 கிகாபிட் கடத்தவல்லதாக இருந்தது. 2015ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அதை 40 கிகாபிட்டாக உயர்த்தியது. இங்கே பிட் வேறு, பைட் வேறு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எட்டுப் பிட்கள் சேர்ந்ததே ஒரு பைட். நம்மிடையே வழக்கத்திலுள்ள ஒரு கிகாபிட் வலையமைப்புக் கம்பி, செக்கனுக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தமாட்டாது. இலட்சக்கணக்கிற் செலவிட்டு வேகமான பெட்டியை வாங்கிவிட்டு, சாதாரண ரூட்டர் ஒன்றின் வழியே அதை இணைத்து 'வேகம் இல்லை' என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

மீளமைப்பு என்னும் நெருக்கடி

இனி, தொடக்கத்திற் சொன்ன சிவப்பு விளக்குக்கு வருவோம். ஐந்தாம் வகை அணியில் ஒரு தட்டுப் பழுதானவுடன், அந்த அணியின் பாதுகாப்பு முழுவதும் செலவாகிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அது பூச்சிய வகை அணிக்குச் சமம். வேலை வழமை போல் நடைபெறுவதால் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய தட்டைப் பொருத்தியவுடன், எஞ்சிய தட்டுகள் யாவற்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்து, இழந்ததைக் கணக்கிட்டு எழுத வேண்டும். 16 டெராபைட் தட்டொன்றைச் செக்கனுக்கு 200 மெகாபைட் என்ற வேகத்தில் நிரப்புவதற்கே 22 மணித்தியாலங்கள் செல்லும். இடையில் தொகுப்பு வேலையும் நடந்தால் நாட்கணக்காகும்.

அவ்வளவு நேரமும் பழைய தட்டுகள் ஓய்வின்றி உழைக்கின்றன. அவை பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை. ஒரே வெப்பத்தில் ஒரே அளவு உழைத்தவை. ஒன்று தளர்ந்த காலத்தில் மற்றொன்றும் தளர்ந்திருப்பது வியப்பன்று. ஆறு வாரம் காத்திருந்த அந்த இளைஞர்களுக்கு நேர்ந்தது இதுவே. பெரிய தட்டுகளைப் பயன்படுத்துவோர் ஆறாம் வகையையே தெரிவு செய்வதும், மாற்றுத் தட்டொன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதும் இக்காரணத்தினாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

அணி அறியாத ஆபத்துகள்

ஆனால் ஆறாம் வகையும் ஒரு வரம்புக்கு உட்பட்டதே. தட்டுப் பழுது என்ற ஒரேயோர் ஆபத்தை மட்டுமே அணி அறியும். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டால், அந்த அழிப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒரே கணத்தில் ஒழுங்காக நிறைவேற்றப்படும். கப்பம் கேட்கும் கணினி நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டினால், பூட்டப்பட்ட கோப்புகளையே அணி பத்திரமாகக் காக்கும். தீ, வெள்ளம், திருட்டு, இடிமின்னல் ஆகியவற்றின் முன்னே எட்டுத் தட்டுகளும் ஒரு தட்டே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென நின்றால், தரவும் அதன் பரிட்டிக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகலாம். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களுக்கும் மேலாக மின்வெட்டைச் சந்தித்த நமக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. பெட்டிக்கு ஒரு யூ.பி.எஸ். இன்றியமையாதது.

வசதி படைத்த நிறுவனங்களும் இவ்விடயத்தில் இடறியிருக்கின்றன. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், யாரோ ஒருவர் தவறுதலாகப் பிறப்பித்த அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் சேவையகத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மறையத் தொடங்கின. காப்புப் பிரதி இருக்கிறதே என்று நாடாக்களை எடுத்துப் பார்த்தபோது, அவை ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய கலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே அன்று அப்படத்தைக் காப்பாற்றியது. அந்தக் கணினியைப் போர்வைகளாற் சுற்றிக் காரில் ஏற்றி மெதுவாகக் கொண்டுவந்தார்களாம். படம் 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளியானது.

பிக்ஸாரைக் காப்பாற்றியது விலையுயர்ந்த இயந்திரமன்று; வேறோர் இடத்திலிருந்த வேறொரு பிரதி. நாடா இருந்தும் அதைப் பரீட்சித்துப் பார்க்காதது அங்கே நேர்ந்த மற்றொரு குறை. பரீட்சிக்கப்படாத காப்புப் பிரதி, இல்லாத பிரதிக்குச் சமம்.

மூன்று, இரண்டு, ஒன்று

இப்படிப்பினைகளைச் சுருக்கித் தரும் விதியொன்றை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோ 2005ஆம் ஆண்டளவில் பரவலாக்கினார். எந்தப் பதிவுக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். தொகுப்பு மேசையிலுள்ள அணி எத்தனை தட்டுகளைக் கொண்டதாயினும், இந்த எண்ணிக்கையில் அது ஒரு பிரதி மட்டுமே.

பெரிய நிலையங்கள் இதற்காக எல்.ரி.ஓ. எனப்படும் காந்த நாடாவைப் பயன்படுத்துகின்றன. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் ஒன்பதாம் தலைமுறையில் ஒரு நாடா 18 டெராபைட் கொள்ளும். நாடா மலிவு, அதை எழுதும் இயந்திரமோ பல ஆயிரம் டொலர் பெறும். சிறிய ஸ்ரூடியோ ஒன்றுக்கு அது கட்டுப்படியாகாது. அவ்வாறானோர் இரண்டு சாதாரண வன்தட்டுகளை வாங்கி, வேலை முடிந்த பதிவுகளை இரண்டிலும் எழுதி, ஒன்றை ஸ்ரூடியோவிலும் மற்றதை உறவினர் வீட்டிலும் வைத்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். முக்கியமான கோப்புகளுக்கு இணையவழிச் சேமிப்பை மூன்றாவது பிரதியாகக் கொள்ளலாம். அலுமாரியிற் கிடக்கும் தட்டுகளை ஆண்டுக்கொரு தடவையேனும் இயக்கிப் பார்த்து, சில ஆண்டுகளுக்கொரு முறை புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். மின்னோட்டமின்றி நீண்ட காலம் வைத்திருப்பதற்கு, வேகத்திற் சிறந்த திண்மநிலைச் சேமிப்பகங்கள் உகந்தவையல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு பிரதிகள் எடுத்துச் சரிபார்க்கப்படும் வரை கமெரா அட்டையை அழிப்பதில்லை என்ற ஒழுக்கம் வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை.

இது நமக்குப் புதிய பாடமன்று. புனித குர்ஆன் ஹாபிழ்களின் நெஞ்சிலும் எழுத்திலுமாக இருவழிகளிற் காக்கப்பட்டதையும், கலீபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அதன் பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டதையும் இஸ்லாமிய வரலாறு எடுத்துரைக்கின்றது. தமிழ் இலக்கியங்கள் இன்று நம் கையில் இருப்பதும், ஏடு செல்லரிக்கு முன்னர் அதைப் புதிய ஏட்டிற் படியெடுத்துவைத்த பெயர் தெரியாத மனிதர்களாலேயே. மறுபக்கத்தில், 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97 ஆயிரம் நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளை எவராலும் மீட்க முடியவில்லை.

இன்றைய நமது ஏடுகள் வீடியோக் கோப்புகளே. காணாமற்போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் வழங்கிய வாக்குமூலம், வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்ட ஒரு முதியவர் தனது ஊரைப் பற்றிச் சொன்ன நினைவு, ஓர் அண்ணாவியாரின் கடைசி ஆட்டம் ஆகியன எங்கோ ஒரு தொகுப்பு அறையின் மேசையில், பச்சை விளக்கு எரியும் ஒரு பெட்டியினுள் இருக்கின்றன. அவற்றின் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது என்ற கேள்வியை அந்த அறைக்குப் பொறுப்பானவர்கள் இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். விளக்குச் சிவப்பாக மாறிய பின்னர் கேட்பதிற் பயனில்லை.